217-ஆம் எண் நண்டைத் தேடி பெங்களூருக்கு

சென்ற ஆண்டு, 2006 ஆகஸ்ட் கடைசி வாரத்தில், முத்துப்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, ஒரு நண்டைப் பார்க்கப் போனேன். இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே சிரிக்கிறார்கள் என்பதால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு கல்லூரியின் கடல் உயிரியல் துறையில் களப்பணியாளர். வேலை முழுக்க முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் அதை ஒட்டிய உப்பங்கழியிலும்தான். அந்தச் சேற்றில் களி நண்டு என்ற பெரிய கரும்பச்சை நண்டு வாழ்கிறது. பெண் நண்டு பருவம் வந்ததும் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் அங்கே முட்டை பொரிக்கும். எங்கள் கழியிலிருந்து எப்போது போகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நண்டுகளுக்கு அடையாள இழை கட்டி விடுகிறோம். தீக்குச்சி நீளத்தில் மஞ்சள் பிளாஸ்டிக். ஓட்டின் பின்பக்கம், மேலோடும் கீழோடும் சேரும் இடுக்கில் செருகினால் நண்டு ஓடு கழற்றினாலும் விழாது. அதில் ஒரு எண்ணும் எங்கள் தொலைபேசி எண்ணும் இருக்கும். கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு ஒரு தொப்பி பரிசு.

இதோடு இன்னொன்றும் நடந்தது. முட்டை சுமக்கும் பெண் நண்டு கூண்டில் விழுந்தால் அதைத் திரும்ப விட்டுவிடுவது என்று எங்கள் பக்கத்து நண்டுக்காரர்கள் ஓர் ஆண்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த அறிவிப்பை எழுதியது நான்தான். வீடு வீடாகக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டியதும் நான்தான். ஆண்டு முடியப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம். விதியைத் தொடர்வதா விடுவதா என்று அன்று முடிவாகும்.

புதன்கிழமை காலை பத்தரைக்குத் துறைத் தொலைபேசி அடித்தது. பெங்களூர் விவேக் நகரில் மீன்கடை வைத்திருப்பதாக ஒரு பெண்மணி பேசினார். பெயர் சகாயமேரி.

"ஒரு நண்டு வந்துக்குதுமா. முதுகுல மஞ்சளா ஒண்ணு நீட்டிக்கினு இருக்குது. எரநூத்திப் பதினேழுன்னு போட்டுக்குது. உசுரோட இருக்குது. விக்கட்டுமா, வெக்கட்டுமா?"

"வைங்கம்மா. ஆணா பெண்ணா?"

"பொட்ட. வயிறு நல்லா அகலமாக்குது."

பதிவேட்டைப் புரட்டினேன். 217, பெண், இருபத்து மூன்று நாளைக்கு முன்னால் எங்கள் கழியில் விட்டது. வயிறு அகலம் என்றால் முட்டை சுமக்கும் நண்டுதான், நம் ஆட்களில் யாரோ சொன்ன சொல்லை மீறியிருக்கிறார்கள் என்றுதான் உடனே நினைத்தேன். பேராசிரியர், "எண் கிடைத்துவிட்டதே, எங்கே பிடித்தது என்று போனிலேயே விசாரியேன்" என்றார். விற்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று வாதாடி, மூன்று நாள் அனுமதி வாங்கினேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது, ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல ஒரு பெயர்.

வியாழக்கிழமை விடிகாலை 4.40-க்கு முத்துப்பேட்டையில் பஸ் ஏறினேன். பட்டுக்கோட்டை 5.25. அங்கே வண்டி மாறி, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி மத்திய பேருந்து நிலையத்துக்கு 8.40. திருச்சியிலிருந்து பெங்களூருக்குப் பகலில் நேரடி வண்டிகள் இருக்கின்றன. சுமார் 345 கிலோமீட்டர், டிக்கெட் 140 ரூபாய். 9 மணிக்குக் கிளம்பிய வண்டியில் இடப்பக்க ஜன்னல் இருக்கை கிடைத்தது. காலையில் போகிறவர்கள் இந்தப் பக்கம் உட்காருங்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் மதியத்துக்கு மேல் வெயில் அங்கேதான் வந்து விழுகிறது. தர்மபுரி வரை முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

நாமக்கல்லில் பத்து நிமிடம், சேலத்தில் சாப்பாட்டுக்கு அரை மணி. தக்காளிச் சாதம் சுமார். ஓசூர் தாண்டியதும் காற்று மாறியது தெரிந்தது. அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் லாரிகள் நீள வரிசையில் நின்றன. பொம்மனஹள்ளியிலிருந்து மடிவாளா வரை மட்டும் நாற்பது நிமிடம் ஊர்ந்தோம். 6.10-க்கு மடிவாளாவில் இறங்கியபோது தூறல். குடை கொண்டுவரவில்லை.

விவேக் நகருக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் முதலில் கன்னடத்தில் கேட்டார், நான் முழித்ததும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"இன்னிக்கு வியாழக்கெழம மேடம். குழந்தை ஏசு கோயில் பக்கம் ஃபுல் ரஷ்ஷு. கேட் வரைக்கும் போவாது, முன்னாடியே எறக்கி விட்டுடுவேன், பரவால்லயா?"

பரவாயில்லை என்றேன். மீட்டர் 38 ரூபாய் காட்டியது. அவர் சொன்னபடியே தெரு நிறையக் கூட்டம். மெழுகுவர்த்தியும் மாலையும் விற்பவர்கள், குழந்தையைத் தோளில் போட்ட குடும்பங்கள், சேலையும் சல்வாரும் பர்தாவுமாகப் பெண்கள். தமிழில் ஒலிபெருக்கியில் ஜெபம் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியூர் வந்த உணர்வே வரவில்லை.

சகாயமேரியின் கடை கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கடை என்பது ஒரு சிமெண்ட் மேடை, மேலே தகரம், பின்னால் ஓர் அறை. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கைக்கடிகாரத்தை ரவிக்கைக் கைக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தார், மீன் தண்ணீர் படாமலிருக்க. என்னைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நம்பவில்லை.

"இன்னாமா இது, ஒரு நண்டுக்காவா இவ்ளோ தூரம் வந்துக்கினே?"

"ஆமாம்மா. காட்டுங்க."

அறையின் மூலையில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு மூங்கில் கூடை. மேலே ஈரச் சாக்கு. சாக்கை விலக்கினால் எங்கள் 217. ஓடு கையகலத்துக்கு மேல் இருந்தது. கொடுக்குகள் நீல நூலால் உடம்போடு கட்டப்பட்டிருந்தன. கண்ணைத் தொடப் போனேன், கண் சட்டென்று குழிக்குள் மடங்கியது. நல்ல நிலைமையில் இருந்தது. வாயருகே நுரை கட்டி மெல்ல வெடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு பயம் இருந்தது. பிழைக்கட்டும் என்று யாராவது இதைக் குழாய்த் தண்ணீர் வாளியில் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். நிற்கும் தண்ணீரில் காற்று தீர்ந்து நண்டு மூச்சுமுட்டிச் சாகும். ஈரக் காற்றில் வைத்தால் ஒரு வாரம் கூடத் தாங்கும். அதைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா இதே வேல. தண்ணில போட்டா செத்துப்பூடும். சாக்கு காயாம பாத்துக்கினா போதும். நம்ம ஊரு குளிரு வேற, அதுக்கு ஏசி ரூம் மாரி."

நான் கொண்டுவந்த தொப்பியைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத நான் எங்க போட்டுக்கினு போவ?" என்றார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் நண்டைத் திருப்பினேன். வயிற்றுப்புற மடல் அகன்று, கருத்து, ஓரங்களில் மயிர் அடர்ந்திருந்தது. முழு வளர்ச்சி அடைந்த பெண். மடலை விரல்நுனியால் சற்றே தூக்கிப் பார்த்தேன். உள்ளே முட்டைக் கொத்து இல்லை. இருந்திருந்தால் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு போல வெளியே பிதுங்கியிருக்கும். அப்படியானால் யாரும் விதியை மீறவில்லையா? வழியில் உதிர்ந்திருக்கும், இல்லை யாராவது சுரண்டி எடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முந்தைய நாளிலிருந்து சுமந்து வந்த கோபத்தை விட மனம் வரவில்லை.

அன்று இரவு சகாயமேரி வீட்டிலேயே தங்கினேன். நான் விடுதி தேடுவதாகச் சொன்னதும், "பொம்பளப் புள்ள இந்த மழையில எங்க போவே?" என்று பாயை விரித்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் வெள்ளி இறைச்சி கிடையாது, மீன்தான். அதனால் அவருக்கு அதிகக் கொள்முதல் நாள். 5.45-க்குக் கிளம்பி சிவாஜி நகர் போர்டு போட்ட பஸ்ஸில் போனோம். ஆறு கிலோமீட்டர், அந்த நேரத்தில் இருபது நிமிடம். நண்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டேன்.

சிவாஜி நகர் மீன் மார்க்கெட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆறு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் போங்கள். எட்டுக்கு மேல் சில்லறைக் கூட்டம் வந்துவிடும், யாருக்கும் பேச நேரமிருக்காது. பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கடல் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, ஆனால் மூன்று பக்கக் கடலும் அங்கே பெட்டி பெட்டியாக இறங்குகிறது. மங்களூரிலிருந்து மத்தியும் காணாங்கெளுத்தியும், ஆந்திராவிலிருந்து வளர்ப்பு மீன், சென்னையிலிருந்து வஞ்சிரம், ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து நண்டு. ஒரு பெட்டியில் விரல் நீளமே இருந்த சங்கராக் குஞ்சுகளைப் பார்த்தேன். ஒரு முறைகூட முட்டையிட்டிருக்காத மீன்கள். இந்த வேலைக்கு வந்த பிறகு மார்க்கெட்டில் நிம்மதியாக நடக்க முடிவதில்லை.

சகாயமேரி நண்டு வாங்குவது அன்வர் பாய் என்ற மொத்த வியாபாரியிடம். வெள்ளைத் தாடி, ரப்பர் பூட்ஸ். கூடை கூடையாக நண்டுகள் அவரைச் சுற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தன.

"பாய், இந்தப் பொண்ணு தமிழ்நாட்டுல இருந்து வந்துக்குது. புதன்கெழம குடுத்தீங்களே, அந்த நண்டு எந்த ஊருன்னு கேக்குது."

"அரே, நண்டுக்கு ஊர் கேட்டு வந்தீங்களா? உக்காருங்கம்மா." ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். நண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நண்டை விட நூலைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"நெல்லூர் மாலுன்னா புல்லுக் கயிறுல கட்டுவான். ஒரிசா மாலு சணல். இது வலை நூலு, நீலம். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், அந்த லைனு. திங்கக்கெழம புடிச்சது, செவ்வாக்கெழம லோடு ஏறிச்சு, புதன் காலையில இங்க. ஹௌ, ஆமா, அவ்ளோதான்."

"யார் பிடிச்சதுன்னு தெரியுமா பாய்?"

"அது தெரியாதும்மா. ஆனா ஒண்ணு. ஒவ்வொருத்தன் கட்டும் ஒவ்வொரு மாதிரி. இந்தக் கட்டு பாருங்க, அடியில ரெண்டு சுத்து, மேல சுருக்கு. இழுத்தா ஒரே இழுப்புல அவுந்துடும். இவன் கூடையில கால் ஒடிஞ்ச நண்டே வராது. நல்ல வேலக்காரன்."

அப்போதுதான் நான் அந்த முடிச்சை முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் ஆராய்ச்சிக்குப் படகு ஓட்டுகிற காளிதாஸ் அண்ணன் அப்படித்தான் கட்டுவார். இழை செருகும்போது நண்டை அசையாமல் பிடித்துக்கொள்பவரும் அவர்தான். 217-ஐ அன்று கையில் பிடித்திருந்ததும் அவர்தான். அந்த ஒற்றை இழுப்பு முடிச்சை எனக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்து, எனக்கு வராமல், இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.

டீ வந்தது. குடித்தேனா என்று நினைவில்லை. வேறு யார் பெயர் வந்திருந்தாலும் எனக்குக் கூட்டத்தில் சொல்ல ஏதோ இருந்திருக்கும். இவர் பெயரை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் பதிவேட்டில் பிடித்தவர் யார் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

உடனே போன் செய்யவில்லை. சகாயமேரி கொள்முதலை முடிக்கும்வரை நின்றேன், அவரோடு கடைக்குத் திரும்பினேன், மேடையில் மீன் அடுக்க உதவினேன். பதினொரு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் அவர் கேட்டார்.

"இன்னாமா, மூஞ்சி தொங்கிப்போச்சு?"

சொன்னேன். கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அவரு திருட்டுத்தனமா வித்திருந்தா அந்த மஞ்சள் நூலப் புடுங்கிப் போட்டிருக்க மாட்டாரா? அத ஏன் உட்டுவெச்சாரு? நீ போன் போட்டு கேளு. கேக்காம நீயே மனசுல கட்டிக்காதே."

எனக்கு அது தோன்றவே இல்லை. தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டேன். என் கைப்பேசிக்கு அப்போது வெளிமாநில இணைப்பு கிடையாது.

"அண்ணே, நான் பெங்களூர்ல இருக்கேன். இருநூத்திப் பதினேழு இங்க இருக்கு."

"அடடே, அவ்வளவு தூரம் போயிருச்சா? நீங்க அதுக்கா போனீங்க? சந்தைக்குப் போறதா ஆபீஸ்ல சொன்னாங்க, நான் பட்டுக்கோட்டைச் சந்தைன்னு நெனச்சேன்."

"நீங்க பிடிச்சதாண்ணே?"

"ஆமாங்க மேடம். திங்கக்கெழம. நான்தான் புடிச்சேன், நான்தான் கட்டுனேன்." குரலில் ஒளிவு இல்லை.

"இழை இருந்ததே. என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்கதானே சொன்னீங்க, புடிக்கிறவன் வழக்கம்போல செய்யணும், நம்ம ஆளுன்னு தனியா எதுவும் பண்ணக்கூடாது, அப்பத்தான் கணக்கு சரியா வரும்னு. அதான் வழக்கம்போல வித்தேன். இழைய மட்டும் கழட்டல. எங்க போய்ச் சேருதுன்னு உங்களுக்குத் தெரியணும்ல."

அப்படி நான் சொல்லியிருந்தது உண்மை.

"ஆனா பெண் நண்டாச்சேண்ணே. நம்ம விதி..."

"விதியில முட்டையோட இருக்கிறதத்தானே விடச் சொல்லுது. இதுல முட்டை இல்லையே. மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? இந்த ஒரு வருசத்துல முட்டையோட நண்டு எத்தன நீங்க பாத்தீங்க, நம்ம கழியில?"

யோசித்தேன். "ஒண்ணுகூட இல்லண்ணே."

"நானும் பாக்கல. எங்கப்பா காலத்துலயும் உள்ள பாத்ததில்ல. அது வெளிய கடல்ல போய்த்தான் முட்டைய வயித்துக்கு அடியில எடுத்து வெச்சுக்கும். முட்டை வெச்சது உள்ள வராது. அன்னிக்கு நீங்க நோட்டீஸ் படிக்கும்போதே எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்கும் நட்டம் இல்லாத விதி, அதான் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்."

"ஏண்ணே அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலையே மேடம். படிச்சுக் காட்டுனீங்க."

பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டினார், வெளியே ஒருவர் காத்திருந்தார். நாளை ராத்திரிக்குள் நண்டோடு வருகிறேன், ஞாயிறு காலை படகு வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நான் படித்த பாடம்தான் அது. பெண் நண்டு முட்டை சுமக்கக் கடலுக்குப் போகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இந்தப் பதிவின் தொடக்கத்திலும் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அறிவிப்பை எழுதும்போது வேறொரு கடற்கரைக்கான விதியை, வேறொரு வகை நண்டுக்கான விதியை, அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். ஓர் ஆண்டு முழுக்க அந்த விதி ஒரு நண்டைக்கூடக் காப்பாற்றவில்லை. காப்பாற்ற வேண்டியது முட்டை வைத்த நண்டை அல்ல, முட்டை வைக்கப் புறப்படத் தயாராக இருக்கும் நண்டை. அகன்று கருத்த மடலோடு, காலியாக, கூடையில் நுரை விட்டுக்கொண்டிருந்த 217 மாதிரி ஒன்றை. ஒரு பெயரைத் தேடி வந்தேன், கிடைத்தது என் பெயர்தான். வெட்கமாக இருந்தது. அதோடு, ஏனென்று தெரியவில்லை, லேசாகவும் இருந்தது.

சகாயமேரியிடம் நண்டை வாங்கிப் போகிறேன், என்ன விலை என்று கேட்டேன். வாங்கிய விலையைச் சொன்னார், கொடுத்தேன். "திரும்பக் கடல்லயே உடப் போறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் பழைய சாக்கு ஒன்றை எடுத்து நனைத்து, பிழிந்து, கூடைக்குள் இரண்டாவது சுற்றாக வைத்துக் கொடுத்தார். "சேலம் பக்கம் வெய்யிலு. ஜாக்கிரதயா பாத்துக்கோ."

சனிக்கிழமை காலை 6.15-க்கு மடிவாளாவில் திருச்சி வண்டி. கூடையைப் பார்த்ததும் நடத்துநர் நின்றார்.

"என்னம்மா அது, கோழியா? கோழி ஏத்த முடியாது."

"நண்டு சார்."

"நாறுமே."

"உயிரோட இருக்கு சார். செத்தாத்தான் நாறும்."

கொஞ்சம் யோசித்து, "அப்ப சாகாமப் பாத்துக்கங்க" என்று இறங்குகிற வழிக்கு அருகில் இடம் காட்டினார். கூடைக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

கிருஷ்ணகிரி வரை கவலையில்லை. தொப்பூர் இறக்கத்தில் வெக்கை ஏறத் தொடங்கியது. சேலத்தில் சாக்கை நனைத்தேன். நாமக்கல்லுக்கு முன்னால் ஒரு லாரி பழுதாகி நிற்க, எங்கள் வண்டி ஐம்பது நிமிடம் நகரவில்லை. தகரக் கூரை சுட்டது. சாக்கை விலக்கினேன். நுரை இல்லை, கால்கள் தளர்ந்து கிடந்தன. கண்ணைத் தொட்டேன். அசையவில்லை. மறுபடி தொட்டேன். காம்பு மெதுவாக, மிக மெதுவாக, பாதி மடங்கியது.

குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சாக்கில் ஊற்றினேன். பின்னிருக்கையில் ஒரு தம்பதி வேளாங்கண்ணிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்களும் தங்கள் பாட்டிலைக் கொடுத்தார்கள். நடத்துநர் வந்து எட்டிப் பார்த்தார். போய், ஓட்டுநரிடமிருந்து கைவிசிறி மாதிரி ஓர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். வண்டி நகரும்வரை நண்டுக்கு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைத்தாரோ. நகர்ந்து காற்று வந்த பிறகு, முசிறிக்கு அருகில், ஒரு குமிழி மட்டும் வாயில் எழுந்தது.

திருச்சி 4.05, தஞ்சாவூர் 5.50, முத்துப்பேட்டை 8.15. காளிதாஸ் அண்ணன் பேருந்து நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். கூடையை வாங்கி, சாக்கை விலக்கி, கண்ணைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கு" என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, நீர் வடியத் தொடங்கும் நேரமாகப் பார்த்து, முகத்துவாரத்துக்குப் படகில் போனோம். படகுத்துறையிலிருந்து ஒரு மணி நேரம். கால் பாகம் கழித்தண்ணீரும் முக்கால் பாகம் கடல் தண்ணீருமாக அவர் ஒரு தொட்டியில் கலந்து, நண்டை மெல்ல மெல்ல முக்கி எடுத்தார். ஆறு நாள் வெளியில் இருந்ததை ஒரேயடியாக இறக்கக் கூடாதாம். அதுவும் நான் கேட்டதால்தான் சொன்னார். பிறகு முடிச்சின் நுனியைப் பிடித்து இழுத்தார். கட்டு ஒரே இழுப்பில் விழுந்தது. நண்டு கொடுக்குகளை விரித்து, சிறிது நேரம் படகின் நிழலில் அசையாமல் நின்றது. பின்னங்கால் துடுப்புகள் அசையத் தொடங்கின. பக்கவாட்டில் சரிந்து ஆழத்துக்குள் போய்விட்டது.

மதியம் கூட்டம். என் அறிவிப்பு தவறு என்று முதலில் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டு வந்த எதையும் படிக்கவில்லை, கேட்டேன். எந்த மாதத்தில் பெண் நண்டுகள் முகத்துவாரத்துப் பக்கம் நகரும், எந்த இடத்தில், மடல் எப்படி இருக்கும்போது. நிறையப் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். மடல் கருத்த பெண் நண்டுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் மட்டும், முகத்துவாரத்தை ஒட்டிக் கூண்டு வைப்பதில்லை என்று முடிவானது. காளிதாஸ் அண்ணனின் கூண்டுகள் பாதிக்கு மேல் அங்கேதான் இருந்தன. அவர்தான் முதலில் கைதூக்கினார். இந்த முறை யாருக்கும் நட்டமில்லாத விதி அல்ல. அந்த இரண்டு மாதமும் விதி நிலைத்தது, இரண்டு பேர் மீறினார்கள், அவர்களோடு மற்றவர்களே பேசிக்கொண்டார்கள்.

217 பற்றி அதன்பிறகு எந்த அழைப்பும் வரவில்லை. பதிவேட்டில் அதன் வரிசையில், பிடித்தவர் கட்டத்தில் காளிதாஸ் என்றும், இடம் முத்துப்பேட்டை, பார்த்த ஊர் பெங்களூர் என்றும் எழுதி, மறுபடி விட்ட தேதியையும் போட்டிருக்கிறேன். மிச்சக் கட்டங்கள் காலி. காலியாக இருப்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று இந்த வேலையில் பெரும்பாலும் தெரிய வராது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முத்துப்பேட்டையிலிருந்து திருச்சி வழியாகப் பகல் வண்டியில் போவதானால் பதினான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். மடிவாளாவிலேயே இறங்கிவிடுங்கள், நகருக்குள் போய்த் திரும்புவதில் ஒரு மணி நேரம் வீணாகும். விவேக் நகர்ப் பக்கம் வியாழக்கிழமை மாலை போக வேண்டாம், ஜெபத்துக்காகப் போகிறவர்களைத் தவிர. ஆகஸ்டில் குடை கட்டாயம். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்குப் பகல் வண்டி வசதி, நடத்துநர்கள் கண்ணியமாக நடந்துகொண்டார்கள்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. மார்க்கெட்டில் நண்டு வாங்கும்போது திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், சங்கடப்பட வேண்டாம், எல்லாரும் காட்டுவார்கள். வயிற்று மடல் குறுகலாக, கூம்பு மாதிரி இருந்தால் ஆண். அகலமாக வட்டமாக இருந்தால் பெண். ஆணை எடுங்கள். கொடுக்கு பெரிது, சதையும் அதிகம்.